பருந்தும் மருந்தும்

மஸ்கட்,
18.3.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சந்திரிகாவும் இங்கே சுகம். உன் காய்ச்சல் முழுக்க விட்டுவிட்டதா, வாய்க்குச் சாப்பாடு பிடிக்கிறதா, கோமதி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா, இதையெல்லாம் முதலில் எழுது.

இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. பத்து மணிக்கு அத்தானின் பாத்திரக் கடைக்குப் போன் போட்டேன். வழக்கமாக நீ வந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாய். இன்றும் அத்தான்தான் எடுத்தார். நீ கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். போன வாரம் நீ தூங்குவதாகச் சொன்னார். அதற்கு முந்தின வாரம் மாவரைக்கப் போயிருந்தாயாம். ஜனவரியிலிருந்து உன் குரலையே நான் கேட்கவில்லை. என் மேல் ஏதாவது வருத்தமா? பொங்கலுக்கு அனுப்பிய சேலை பிடிக்கவில்லையா?

சந்திரிகா உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்கிறாள். அடுத்த வெள்ளி அவசியம் கடைக்கு வா.

உன் தம்பி,
பாலகணேஷ்

*

தி. நகர், சென்னை,
2.4.1994

அன்புத் தம்பி பாலகணேஷுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு தேறிவிட்டது. கோமதி ஆறாம் வகுப்பு பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். உன் அத்தான் நலம். இருபது வருஷமாக வைத்திருந்த மீசையை எடுத்துவிட்டார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் 'அண்ணாச்சி இல்லியா?' என்று அவரிடமே கேட்கிறார்களாம்.

சேலை மிகவும் பிடித்தது. வருத்தம் ஒன்றும் இல்லை. கடையில் போன் பேசினால் பித்தளைச் சத்தத்தில் ஒன்றும் விளங்குவதில்லை. நீயும் அவ்வளவு செலவு செய்து கூப்பிடவேண்டாம். கடிதம் எழுது. கடிதம் என்றால் திரும்பத் திரும்பப் படிக்கலாம். சந்திரிகா சொல்லவேண்டியதையும் எழுதச் சொல்.

நான் செவ்வாய், சனி இரண்டு நாளும் மயிலாப்பூருக்கு ஒரு வகுப்புக்குப் போகிறேன். பனகல் பார்க்கில் பஸ் ஏறினால் குளத்தங்கரையில் இறங்கிக்கொள்ளலாம். என்ன வகுப்பு என்று பிறகு எழுதுகிறேன். சிரிக்காதே.

வெயிலில் தலையில் ஏதாவது போட்டுக்கொண்டு போ.

அக்கா,
சண்முகவடிவு

*

மஸ்கட்,
5.5.1994

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னையும் அத்தானையும் கோமதியையும் நல்ல சுகத்தோடு வந்து பார்க்கட்டும்.

சந்திரிகா உண்டாகியிருக்கிறாள். மூன்றாம் மாதம். போனில் உன்னிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று ஒன்றரை மாதம் காத்துக்கொண்டிருந்தாள். நவம்பர் கடைசி வாரம் என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார்.

நம் அம்மா இல்லை. சந்திரிகாவுக்கும் அம்மா இல்லை. இங்கே எனக்குக் காலை ஏழுக்குப் போனால் மாலை ஏழாகிறது. அதனால் ஆகஸ்ட் கடைசியில் அவளை உன்னிடம் அனுப்பிவைக்கிறேன். பிரசவம் உன் கையில்தான். இதை நான் கேட்கவே தேவையில்லை என்று தெரியும். எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கை என் பிள்ளைக்கும் தேய்த்துவிடும் என்று நினைத்தால் இங்கே வேலையே ஓடவில்லை.

சந்தோஷத்துடன்,
பாலகணேஷ்

*

தி. நகர்,
20.5.1994

அன்புத் தம்பிக்கும் சந்திரிகாவுக்கும்,

செய்தி படித்து ரொம்ப சந்தோஷம். சந்திரிகா பாரம் எதுவும் தூக்கவேண்டாம். பசிக்கிறபோதெல்லாம் சாப்பிடட்டும்.

இங்கே அனுப்புவது பற்றி யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒரு தரம்தான் வருகிறது. நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. குடம் தூக்கி ஏறவேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இது சரிப்படாது. சந்திரிகாவின் பெரியம்மா தூத்துக்குடியில் இருக்கிறார் அல்லவா? வசதியான வீடு. அங்கே போனால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும்.

தப்பாக நினைக்காதே, தம்பி. குழந்தையைப் பார்க்க நான் தூத்துக்குடிக்கே வருகிறேன்.

அக்கா,
சண்முகவடிவு

*

மஸ்கட்,
14.6.1994

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கே நலம் என்று நம்புகிறேன்.

தூத்துக்குடிக்கு எழுதியிருக்கிறேன். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. இருந்தாலும் வரச்சொல்லிவிட்டார்.

உங்களைச் சிரமப்படுத்தியதற்கு மன்னிக்கவும்.

பாலகணேஷ்

*

நெல்லையப்பர் துணை

தி. நகர்,
9.7.1994

மாப்பிள்ளை பாலகணேஷுக்கு நல்லசிவம் எழுதுவது.

இங்கு யாவரும் க்ஷேமம் என்றுதான் தொடங்கவேண்டும். தொடங்க முடியவில்லை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமும் இல்லை. கடைப் பலகையில் விலை எழுதுவதோடு சரி.

உன் அக்காவுக்குக் காது கேட்காது. ஜனவரியில் வந்த காய்ச்சல் போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நரம்பு பட்டுப்போய்விட்டது, மிஷின் வைத்தாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று, சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கோயில், தூக்கம், மாவு எல்லாம் நான் சொன்ன பொய்.

தண்ணீர்க் கஷ்டம் உண்டுதான். ஆனால் அதற்காக அவள் மறுக்கவில்லை. குழந்தை அழுதால் தனக்குக் கேட்காது, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறாள். உன் ஜூன் மாதக் கடிதத்தை மூன்று நாள் இடுப்பில் செருகிக்கொண்டே அலைந்தாள். 'உங்களை' என்று நீ போட்ட இடத்தைக் காட்டி, 'தம்பி என்னை நீங்கன்னு எழுதிட்டான், பாத்தீங்களா' என்று கேட்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. சத்தியத்தை மீறி எழுதிவிட்டேன்.

இனி உன் இஷ்டம். கடை திறக்க நேரமாயிற்று.

நல்லசிவம்

*

மஸ்கட்,
24.7.1994

என் அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இத்தனை நாள் ஒப்புக்குக் கேட்டிருக்கிறேன். இப்போது உண்மையிலேயே கேட்கிறேன்.

அத்தான் எழுதிவிட்டார். அவர் மேல் கோபப்படாதே. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதம் நீ தனியாக இதைச் சுமந்திருக்கிறாய். நான் சேலை பிடிக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஜூனில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பிரசவத்துக்கு என்ன செய்வது என்று எனக்கே குழப்பமாக இருந்தது. சந்திரிகாவிடம் கேட்டேன். அவளே கீழே எழுதுகிறாள். நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

உன் தம்பி,
பாலகணேஷ்

மதினிக்கு சந்திரிகா வணக்கம். நான் தூத்துக்குடிக்குப் போகவில்லை. பம்பாய் வழியாக ஆகஸ்ட் 28-ஆம் தேதி மெட்ராஸ் வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. குழந்தை அழுதால் எனக்குக் கேட்கும், மதினி. கேட்ட பிறகு என்ன செய்யவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் போதாதா?

*

தி. நகர்,
8.8.1994

அன்புத் தம்பிக்கும், என் சந்திரிகாவுக்கும்,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனமும் இன்றைக்கு நன்றாக இருக்கிறது. சந்திரிகா எழுதிய நாலு வரியை உன் அத்தானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தெரு வரைக்கும் கேட்டதாம். என் குரல் எவ்வளவு என்று எனக்குத் தெரிவதில்லை. அதனால் வெளியே வாயே திறப்பதில்லை.

நான் போகும் வகுப்பு இதுதான். மற்றவர் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வது. டீச்சர் பெயர் ஸ்ரீரஞ்சனி. இருபத்தாறு வயது. காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர். என்னைப்போல நடுவயதில் காது போனவர்களுக்கு வீட்டுக் கூடத்திலேயே வகுப்பு எடுக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சிலேட்டுப் பலகை.

முதல் மாதம் அழுகைதான் வந்தது. உதட்டில் பார்த்தால் 'ப'வும் 'ம'வும் ஒன்று. 'படி' என்றாலும் 'மடி' என்றாலும் ஒரே அசைவு. பணம், மனம், மணம் மூன்றும் ஒன்று. நீ கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார். நான் வீட்டில் கண்ணாடி முன் நின்று 'மாடு, பாடு' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கோமதி பயந்துபோய் அவள் அப்பாவைக் கூட்டிவந்தாள். உன் அத்தான் உதடு எனக்குப் பிடிபடவேயில்லை. மீசை மறைத்தது. ஒருநாள் கடையிலிருந்து வந்தவர் வேறு யாரோ போல நின்றார். வழித்துவிட்டிருந்தார். 'இப்ப தெரியுதா?' என்று கேட்டார். அதுதான் நான் அவர் உதட்டில் படித்த முதல் வார்த்தை.

உன்னிடம் மறுத்ததற்கு அத்தான் சொன்ன காரணம் பாதிதான். மீதியை அவருக்கும் நான் சொல்லவில்லை. மே மாதத்தில் ஒருநாள் கீழ்வீட்டு ஷகீலா தன் இரண்டு வயதுக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். குழந்தை கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. கோமதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மொட்டைமாடியில் வற்றல் காயவைக்கப் போனேன். கோமதி ஓடிவந்து ஏதோ கத்தினாள். 'பருந்து' என்று படித்தேன். வற்றலைத் தூக்க வந்துவிட்டது என்று நான் வானத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது 'மருந்து'. குழந்தை அலமாரியிலிருந்த டானிக் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தது. கோமதி என் கையைப் பிடித்து இழுத்துப் போகும் வரை நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தம்பி.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினோம். ஒன்றும் ஆகவில்லை. ஷகீலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இனிமேல் உன் குழந்தையை என்னிடம் விடாதே என்றேன். மறுநாள் காலையில் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டாள். அவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வது? ஆனால் அவளுக்கு இருந்த தைரியம் எனக்கு வரவில்லை. அதே வாரம்தான் சந்திரிகா உண்டாகியிருக்கும் செய்தி வந்தது.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் பலகையில் 'மாலை' என்று எழுதினார். பிறகு எழுதி எழுதிக் காட்டினார்: 'மாலை வாங்கிண்டு வான்னா யாராவது சாயங்காலத்தை வாங்கிண்டு வருவாளா? காது கேக்கறவாளுக்கும் ஒரே வார்த்தைல ரெண்டு அர்த்தம் வரத்தான் வரது. எங்க நிக்கறோம், முன்னாடி என்ன பேசினோம்னு பார்த்துத்தான் புரிஞ்சுக்கறா. உங்களுக்கு அந்த மாதிரி வார்த்தை கொஞ்சம் ஜாஸ்தி. அவ்வளவுதான்.'

வகுப்புக்கு முனியம்மாள் என்று ஒருத்தி வருகிறாள். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவள். பிறவியிலேயே காது கேட்காத மகளைக் கூட்டிவருவாள். அன்றைக்கு அவளும் என்னவோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே அப்படியே எழுதிக் காட்டினார்: 'இன்னாக்கா, வாயையே பாத்துக்கினு கீறே? மூஞ்சியப் பாரு, கையப் பாரு. எம்பொண்ணு அப்டித்தான் கண்டுபுடிக்குது.'

இதெல்லாம் தெரிந்த பிறகும் சந்திரிகா வருகிறேன் என்றால் வரட்டும். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டு வைக்கிறேன்.

அக்கா,
சண்முகவடிவு

*

தி. நகர்,
25.9.1994

அன்புள்ள அத்தானுக்கு சந்திரிகா எழுதுவது.

நான் சுகம். குழந்தை நன்றாக உதைக்கிறது. மஸ்கட்டில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இங்கே என்னை யாரும் குடம் தூக்க விடுவதில்லை. அண்ணாச்சியும் கோமதியும் தூக்குகிறார்கள். மதினி மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்து என்னைச் சாப்பிடவைக்கிறார்கள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசினால் திட்டு விழும். மரியாதைக்காக இல்லை, உதடு தெரியாதாம்.

அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் கூப்பிட முடியாது. தரையைக் காலால் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். அந்த அதிர்வில் திரும்பிப் பார்ப்பார்கள். நேற்று 'பால் பொங்குது' என்றேன். 'மாமாவா? எந்த மாமா?' என்று கேட்டார்கள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பால் முழுவதும் போய்விட்டது.

எனக்கு அம்மா முகம் நினைவில்லை. இந்த வீட்டில் ஒருவர் எப்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எதையும் மறைக்க முடியவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

சந்திரிகா

*

தி. நகர்,
22.11.1994

அன்புத் தம்பிக்கு,

தாயும் மகளும் சுகம். அத்தான் போனில் சொல்லியிருப்பார். அவர் சொன்னது இரண்டு வரிதான் இருக்கும். நான் நடந்ததை எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை சந்திரிகா கபாலி கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். நாள் இன்னும் பத்து இருக்கிறதே என்று நானும் கூட்டிப் போனேன். கும்பிட்டுவிட்டுத் தெற்கு மாட வீதி வழியாக வந்தோம். மழை விட்டு வெயில் அடித்தது. காய்கறிக் கூடைகள், சைக்கிள், மாடு, கால் வைக்க இடமில்லை. சந்திரிகா நின்று என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னாள். 'வழி' என்று படித்தேன். எந்தப் பக்கம் போவது என்று கேட்கிறாள் என நினைத்து, 'இப்படிக் குளத்தை ஒட்டிப் போயிரலாம், வா' என்றேன். அவள் நகரவில்லை. அதையே மறுபடி சொன்னாள். நான் மறுபடியும் கையைக் காட்டினேன்.

மூன்றாவது தடவை அவள் சொல்லும்போது நான் உதட்டைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். புருவம் நெரிந்திருந்தது. ஒரு கை கடைக் கம்பியைப் பிடித்திருந்தது. வலி.

காது கேட்கிற நாளிலேயே நம் தெருவில் பாதிப்பேர் அந்த இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்வார்கள். எனக்கு இப்போது இரண்டும் ஒன்றேதான். ஆனால் அந்த நிமிஷத்தில் சந்தேகமே வரவில்லை.

அவள் பதிவு செய்திருந்த பிரசவ ஆஸ்பத்திரி மூன்று தெரு தள்ளி. ஆட்டோ உள்ளே நுழைய முடியாது. அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். வெளியே வாய் திறக்காதவள் என்று எழுதினேன் அல்லவா? அன்றைக்குக் கத்தினேன். கோயில் வாசல் வரை கேட்டிருக்கும். 'வழி விடுங்க' என்று சொல்ல நினைத்தேன். 'வழி' என்றேனா 'வலி' என்றேனா, எனக்குத் தெரியாது. என் காதில் விழுந்தால்தானே. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பூக்கார அம்மாள் தன் கூடையையே காலால் தள்ளிவிட்டு எங்களுக்கு இடம் விட்டாள். யாரோ ஒருவர் முன்னால் ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார். அவர் பெயர்கூடத் தெரியாது. அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கவேண்டும்.

பிரசவ அறைக்குள் என்னை விடமாட்டேன் என்றார்கள். சந்திரிகா என் கையை விடவில்லை. டாக்டரம்மா ஏதோ சொன்னார். சந்திரிகா பதிலுக்கு ஏதோ சொன்னாள். என்னை உள்ளே விட்டார்கள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். 'மதினிக்கு நான் சொல்லாமலே புரியும், அவங்க பக்கத்துல இருக்கணும்னேன்' என்றாள்.

மூன்றரை மணிக்குக் குழந்தை பிறந்தது. நர்ஸ் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். குழந்தை வாயைத் திறந்தது. முகம் முழுவதும் வாயாக இருந்தது. நான் அவள் அழுவதைப் பார்த்தேன், தம்பி. அது எந்த வார்த்தையும் இல்லை. அதனால் நான் தப்பாகப் படிக்க அதில் ஒன்றுமே இல்லை.

இப்போது சந்திரிகா பகலில் தூங்கும்போது குழந்தையை என் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன். அழத் தொடங்கினால் என் எலும்புக்குத் தெரிகிறது.

நீ அந்த டிக்கெட்டை எடுத்திராவிட்டால் நான் பயந்தே கிடந்திருப்பேன். உனக்கும் அவளுக்கும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஜனவரியில் நீ வரும்போது நேரில் சொல்கிறேன். மெதுவாகப் பேசு, வாயைக் கையால் மூடாதே, மற்றபடி நீ பழைய தம்பிதான்.

அக்கா,
சண்முகவடிவு

*

மஸ்கட்,
3.2.1995

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று பேரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். விமானத்தில் குழந்தை அழவில்லை. சந்திரிகாதான் பம்பாய் வரை அழுதுகொண்டு வந்தாள். உன் கை வலி தேவலையா? பதினைந்து நாளும் எனக்குச் சமைத்துப் போட்டே ஓய்ந்துபோயிருப்பாய்.

நீ ஜனவரியில் நேரில் சொல்வதாக எழுதியிருந்தாய். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சாப்பிட்டோம், குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நாள் ஓடிவிட்டது. உன்னால் என் வீட்டில் ஒரு உயிர் இருக்கிறது, அக்கா. இதைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். மீனம்பாக்கத்தில் நாங்கள் உள்ளே போன பிறகு நீ கண்ணாடிக்கு வெளியே நின்று ஏதோ சொன்னாய். எனக்குக் காது இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. உன் உதட்டைப் பார்த்தேன். உதடு சேர்ந்து பிரிந்தது. நீ 'அம்மா' என்றாயா, 'அப்பா' என்றாயா? என்னை அப்படிக் கூப்பிடுகிறாயா, அல்லது போய்விட்டவர்களை நினைத்துக்கொண்டாயா? இங்கே வந்த நாளிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சந்திரிகாவிடம் கேட்டால், தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்கிறாள். அக்காவையே கேளுங்கள் என்று சிரிக்கிறாள்.

உன் தம்பி,
பாலகணேஷ்

*

தி. நகர்,
15.2.1995

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கை வலி போய்விட்டது. வீடுதான் வெறிச்சென்று இருக்கிறது. ஷகீலாவின் குழந்தை வந்து கட்டிலுக்கு அடியில் பாப்பாவைத் தேடிவிட்டுப் போனது.

நான் அம்மா என்றும் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. 'பாப்பாவுக்குக் குல்லா' என்றேன். உள்ளே ஏசி போட்டிருப்பார்களே, பிள்ளை தலை மொட்டையாக இருக்கிறதே என்று சொன்னேன். சந்திரிகா அப்போதே பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டாள். நீ பார்க்கவில்லையா? என் முகத்தையே பார்த்து அழுதுகொண்டு நின்றாய்.

அந்தக் குல்லா கொஞ்சம் இறுக்கம். இரண்டு மாதம் போனால் பற்றாது. பெரிதாக ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன். தலைச் சுற்றளவை நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்பச் சொல்.

அக்கா,
சண்முகவடிவு